தோட்டா கிடைக்காத ஊருக்குத் துப்பாக்கி கொண்டுபோனால்

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் அப்படிப் போய் நமீபியாவில் சில வருஷம் போர் போட்டவன். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். வேட்டைக்குப் போக நினைக்கிற சொந்தக்காரர்கள், அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகள், கோயமுத்தூரில் ரைஃபிள் பழகுகிறவர்கள் என்று அவ்வப்போது யாராவது போன் செய்வார்கள். விசா எப்படி, எந்த மாதம் நல்லது, என்ன மான் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்று எல்லாம் கேட்பார்கள். தோட்டாவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. நம்ம பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் தோட்டத்துக் காவலுக்கு ஒரு 12 போர், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, அவ்வளவுதான். ரைஃபிள் வைத்திருக்கும் சில வீடுகளில் அது பெரும்பாலும் .315 காலிபராக, அதாவது அந்த அளவுத் தோட்டா ஏற்பதாக, இருக்கும். அந்த .315 ஏன் இங்கே வந்தது என்று யோசித்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். பட்டாளத்தின் .303 தோட்டா பொதுஜனங்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். அதனால் ஆஸ்திரியா நாட்டின் பழைய 8×50 மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, .315 என்று பேர் வைத்து இங்கே விற்றார்கள். இன்றும் நம் அரசுத் தொழிற்சாலைத் தோட்டாதான் அதற்கு. இங்கே துப்பாக்கிக் கடைக்காரர் எவரும் அறிந்த சரக்கு அது. நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் நான் பழகிய வேட்டைக்காரர்களில் ஒருவர்கூட அந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை. ஒரு தோட்டா அரிதா சாதாரணமா என்பதை நீங்கள் போய் இறங்குகிற ஊரின் கடை அலமாரிதான் சொல்லும். உங்கள் ஊரில் அது எவ்வளவு கிடைக்கிறது என்பது அங்கே செல்லாது.

எனக்கு இதை நேரில் காட்டியது சித்தப்பா மகளைக் கட்டிய மாப்பிள்ளை வந்த பயணம். அவர் டெக்சாஸில் இருக்கிறார். அங்கேயே குடியுரிமை, அங்கேயே லைசென்ஸ், வருஷாவருஷம் மான் வேட்டை. நான் நமீபியாவில் இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அங்கே 1975ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வேலி போட்ட பண்ணை வைத்திருப்பவருக்குத் தன் நிலத்து வேட்டை விலங்குகளின் மேல் உரிமை உண்டு. வெளிநாட்டுக்காரர் பதிவு பெற்ற வழிகாட்டியோடு, அனுமதி வாங்கி வேட்டையாடலாம். ஒட்ஜிவாரொங்கோ பக்கம் நாங்கள் போர் போட்டுக் கொடுத்த ஒரு மாட்டுப் பண்ணைப் பெரியவர், ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தவர், அப்படிப் பதிவு பெற்றவர். "உன் ஆள் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை கொண்டுவந்த ரைஃபிள் அவரே சொல்லிச் செய்வித்தது. காலிபர் .280 அக்லி இம்ப்ரூவ்ட். ரெமிங்டன் 1957இல் கொண்டுவந்த .280 தோட்டாவின் தோளை, அதாவது கேஸ் என்கிற பித்தளைக் கூடு குறுகிக் கழுத்தாகிற சரிவை, 40 டிகிரிக்குச் செங்குத்தாக்கி, உடம்பைக் கொஞ்சம் அகலமாக்கி, கூடுதல் வெடிமருந்து பிடிக்கும்படி செய்தது. நல்ல தோட்டா, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல காலம் துப்பாக்கி ஆசாரிகள் தனித்தனியாகச் செய்துவந்த அளவு அது; முறையான தர அளவாகப் பதிவானதே 2007இல்தான். அமெரிக்காவில் தேடினால் கிடைக்கும். மற்ற நாடுகளில் பார்ப்பதே அபூர்வம்.

"தோட்டா எத்தனை கொண்டு வர்றீங்க மாப்பிள்ளை?" என்று முன்னாலேயே போனில் கேட்டேன்.

"மூணு டப்பா மச்சான், அறுபது ரவை. போதாதுங்களா?"

அறுபது தாராளம். ஒரு வாரப் பண்ணை வேட்டைக்கு, குறி சரிபார்ப்பதையும் சேர்த்து நாற்பது போதும். எண்ணிக்கையில் கோளாறே இல்லை. கோளாறு விமானத்தில் வந்தது. முதல் விமான நிறுவனத்தில் எல்லாம் எழுதி வாங்கியிருந்தார். நடுவில் மாறிய இரண்டாவது நிறுவனத்தில் ரைஃபிள் பதிவாகியிருந்தது, தோட்டா பதிவாகவில்லை. துப்பாக்கிப் பெட்டியை ஏற்றினார்கள், தோட்டாப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள். விண்ட்ஹூக் விமான நிலையத்தில் போலீஸ் மேசை முன்னால் நாங்கள் நிற்கிறோம். ரைஃபிளின் நம்பரைப் பார்த்து அனுமதிச் சீட்டு எழுதியாகிவிட்டது. தோட்டா எத்தனை என்கிற கட்டத்தில் அந்த அம்மா சுழியம் போட்டுவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த விமானத்தில் அனுப்பக்கூடாதா என்று கேட்பீர்கள். சாதாரணப் பெட்டி என்றால் அனுப்புவார்கள். தோட்டா வெடிபொருள் வகையில் வருகிறது. பயணியின் சொந்தச் சாமானாக, பயணியோடு, செக்-இன் பெட்டியில் வந்தால் மட்டுமே அந்தச் சலுகை. ஆள் இல்லாமல் தனியாக வந்தால் அது சரக்கு; சரக்கு என்றால் ஏற்றுமதி லைசென்ஸ், இறக்குமதி லைசென்ஸ், எல்லாம் வேண்டும். கூரியர், தபால் பேச்சே கிடையாது. ஒரு வார வேட்டைக்குள் அது நடக்காது.

சரி, கடையில் வாங்குவோம் என்று நகரத்துக்குள் போனோம். நமீபியாவில் துப்பாக்கிக் கடை நன்றாகவே இருக்கும். முதல் கடையில் அலமாரி நிறைய டப்பா: .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம், .375 எச் அண்ட் எச், 7×57, 7×64, 8×57, 9.3×62. மாப்பிள்ளையின் காலிபரைச் சொன்னதும் கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டார். சாதாரண .280 ரெமிங்டனாவது இருக்கிறதா என்று கேட்டோம். அந்தத் தோட்டாவை இந்த ரைஃபிளில் போட்டுச் சுடலாம். தோட்டா உட்காரும் அறையான சேம்பரை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், வேகம் கொஞ்சம் குறையும், கேஸ் சுடும்போதே விரிந்து புது வடிவத்துக்கு வந்துவிடும். அதுவும் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை.

அங்கேதான் மாப்பிள்ளையின் கண் 7×64 டப்பாவில் போய் நின்றது. அவர் பையில் பழைய வெற்றுக் கேஸ் ஒன்று இருந்தது, அதை எடுத்து வைத்தார். கடைக்காரர் ஒரு 7×64 தோட்டாவை உருவி அதன் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தினார். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒரே பருமனாகத் தெரிகிறது. கேஸ் நீளம் இரண்டுக்கும் 64 மில்லிமீட்டர் சுமார். அந்தப் பேரில் இருக்கிற 64 என்பதே கேஸ் நீளம்தான். குண்டும் இரண்டுக்கும் அதே விட்டம். தோள் மட்டும்தான் வேறு: ஒன்று சட்டென்று மடிகிறது, மற்றது சரிந்து ஏறுகிறது. கடைக்காரர் தோளின்மேல் நகத்தை வைத்துக் காட்டி, "இது உள்ளே போகலாம், போல்ட்டும் மூடலாம், அதுதான் ஆபத்து" என்றார்.

போல்ட் என்பது சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பூட்டு. அவர் சொன்னது முழுக்கச் சரி. தோட்டா சேம்பருக்குள் எந்த இடத்தில் முட்டி நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்காவிட்டால், சுடும்போது கேஸுக்குப் பின்பலம் இருக்காது. பித்தளை நீண்டு கிழிந்து, வாயு முகத்தை நோக்கித் திரும்பும். எங்கள் ரிக் கம்ப்ரசர் 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடுகிறது, அந்த ஹோஸ் கழன்று அடித்தால் ஆள் தாங்க மாட்டான் என்று எங்கள் பையன்களுக்கெல்லாம் தெரியும். இந்தத் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ.க்கு மேல். அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சுடுகிறோம். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது. பீப்பாயில் வெட்டியிருக்கும் பேரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது அந்த இரண்டும் பொருந்தும் என்று தயாரித்தவரே எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

எப்படியும் அந்தக் கடைக்காரர் 7×64ஐ எங்களுக்கு விற்றிருக்க முடியாது. அனுமதிச் சீட்டில் இருக்கிற காலிபருக்கு மட்டும்தான் தோட்டா. அப்படிச் சட்டம் இருப்பது நல்லதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சாயங்காலம் பண்ணைப் பெரியவர் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் போட்டார். ஒரு பண்ணைக்காரர் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர். அவரிடம் 7 மில்லிமீட்டர் குண்டு டப்பா டப்பாவாக இருந்தது, மருந்து இருந்தது, மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர் இருந்தது. இல்லாதது இரண்டே: அந்தக் காலிபருக்கான கேஸ், அந்தக் கேஸை அளவுக்கு அழுத்துகிற டை. இந்த இரண்டும் இல்லாமல் மற்றது எத்தனை இருந்தும் ஒன்றும் ஆகாது. சிலர் கேட்பார்கள், நிரப்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே, சமாளிக்கலாமே என்று. சமாளிக்க முடியாது. இன்னொருவர் ரைஃபிளுக்கு அவசரத்தில் நிரப்பிக் கொடுக்க, விவரம் தெரிந்த ஆள் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

கடைசியில் பெரியவர் தன் .30-06 ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார். அதற்கான காகிதத்தையும் அவரே எழுதி, கூடவே வந்தார். நமீபியாவில் விலங்குக்கு ஏற்ற குறைந்தபட்ச சக்தி என்று விதி இருக்கிறது: சிறிய ஸ்ப்ரிங்பாக் மானுக்கு 1350 ஜூல், குடு, ஒரிக்ஸ் மாதிரிப் பெரியவற்றுக்கு 2700, காட்டெருமை, யானை வகைக்கு 5400. .30-06 முதல் இரண்டுக்கும் சுலபமாகத் தாங்கும். புதிய ரைஃபிள் கையில் வந்ததும் மாப்பிள்ளை நேரே காட்டுக்குக் கிளம்பவில்லை. அவர் நல்ல வேட்டைக்காரர், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கறையான் புற்றுக்கு முன்னால் அட்டைப் பெட்டியைக் கட்டி, நூறு மீட்டரில் மணல் மூட்டைமேல் வைத்து மூன்று சுட்டார். மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கின, ஆனால் குறிக்கு இடதுபுறமாக. ஸ்கோப்பைத் திருகி மறுபடி மூன்று. ரைஃபிளின் போல்ட், பாதுகாப்புப் பூட்டு, விசையின் கனம் எல்லாம் கை பழகும்வரை வெற்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு ஒரிக்ஸ், ஒரே குண்டு, விழுந்த இடத்திலேயே முடிந்தது. விலங்கு அடிபட்டுத் தவிக்காமல் போக வேண்டும் என்றால் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். தன் ரைஃபிளையே கொண்டுபோய், அங்கே வேறு கம்பெனித் தோட்டா வாங்கினாலும் இதேதான். கம்பெனி மாறினால், குண்டின் எடை மாறினால், குறி மாறும்.

இதிலிருந்து நான் கேட்பவர்களுக்குச் சொல்வது: டிக்கெட் போடுவதற்கு முன்னால், போகிற நாட்டில் துப்பாக்கிக் கடை இரண்டுக்கு மெயில் போட்டு, இந்தக் காலிபர் இன்றைக்கு இருப்பில் இருக்கிறதா, என்ன கம்பெனி, குண்டின் எடை எத்தனை கிரெயின் என்று கேளுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எது கிடைக்கும் என்பதற்குப் பெரும்பாலும் அந்த நாட்டுச் சரித்திரம்தான் காரணம். தென்னாப்பிரிக்காவில் 7×57 சாதாரணம், ஏனென்றால் அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்கள், 1899 முதல் 1902 வரை வெள்ளைக்கார பிரிட்டிஷாரோடு நடந்த போரில் அந்தத் தோட்டா ஏற்கும் மவுசர் ரைஃபிளைத்தான் தோளில் போட்டிருந்தார்கள். அதே தோட்டாவை இங்கிலாந்தில் .275 ரிக்பி என்பார்கள். அமெரிக்காவில் நடுத்தரக் கடையில் 7×57 தேட வேண்டியிருக்கும். ஸ்வீடன், நார்வேயில் 6.5×55. பிரான்சில் 2013 வரை ராணுவக் காலிபர்களுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் 7×64 அங்கே வேரூன்றியது, நம்ம .315 கதையேதான். 1905இல் பெர்லினில் பிறந்த 9.3×62 ஆப்பிரிக்கப் பண்ணைகளுக்குப் போன ஜெர்மானியர்களோடு போய், இன்றுவரை அங்கே இருக்கிறது. பெரிய விலங்கு என்றால் 1912இல் வந்த .375 எச் அண்ட் எச், ஆப்பிரிக்காவில் எங்கும் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது. இது எதுவும் மனதில் நிற்காவிட்டால் .308, .30-06 இரண்டில் ஒன்று போதும். வேட்டை நடக்கிற நாடுகளில் இந்த இரண்டும் இல்லாத கடையை நான் பார்க்கவில்லை.

ஜெர்மன் பேர் போட்ட தோட்டா வாங்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து வந்தால் அது விளிம்பு உள்ளது, மடக்குத் துப்பாக்கிக்கானது. போல்ட் ரைஃபிளுக்கு ஆகாது. 8×57இல் ஜே என்று ஒன்று, ஜேஎஸ் என்று ஒன்று. பழைய ஜே குண்டு .318 அங்குலம், ஜேஎஸ் .323. நமீபியாவில் தாத்தா காலத்து ரைஃபிள்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. பழைய பீப்பாயில் புதுக் குண்டைத் திணித்தால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். யாராவது அன்பாக எடுத்துக் கொடுத்தாலும், பீப்பாய் முத்திரையைப் படிக்காமல் தோட்டா ஏற்றாதீர்கள்.

விமான விஷயம். ஓர் ஆளுக்குப் பெட்டியோடு சேர்த்து ஐந்து கிலோ தோட்டா என்பதுதான் உலகம் முழுக்க உள்ள பொது வரம்பு. இரண்டு பேர் போனாலும் ஒரே பெட்டியில் பத்து கிலோ என்று சேர்க்கக் கூடாது. சில நிறுவனங்கள் அதையும் ஏற்றுவதில்லை. அதனால் டிக்கெட் விற்றவரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஒவ்வொரு தடத்திலும் விமானத்தை உண்மையில் ஓட்டுகிற நிறுவனத்திடம், துப்பாக்கிக்குத் தனியாக, தோட்டாவுக்குத் தனியாக எழுத்தில் பதில் வாங்கி அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கம்பெனி டப்பாவிலேயே வைத்துக்கொண்டு போவது நல்லது. உதிரியாக இருந்தால் கவுண்டரில் பேச்சு வளரும். ஜொகன்னஸ்பர்க் வழியாகப் போய், அங்கே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், தென்னாப்பிரிக்காவின் தற்காலிக அனுமதியும் வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் 4457 என்கிற சுங்கப் படிவத்தில் ரைஃபிளைக் காட்டி முத்திரை வாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. திரும்பி வரும்போது அது உங்களுடையதுதான் என்பதற்கு அதுதான் சாட்சி, போகிற நாட்டிலும் அதைக் கேட்பார்கள்.

அனுமதிச் சீட்டில் காலிபர் எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பீப்பாயில் என்ன இருக்கிறதோ அதே சொல், அதே எண். சொந்தமாக நிரப்புகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. .280 ரெமிங்டன் கேஸை அக்லிக்கு விரித்து நிரப்பியிருந்தால், அடியில் .280 ரெமிங்டன் என்றே இருக்கும். சீட்டில் ஒன்று, தோட்டாவில் ஒன்று. வேட்டைக்காரருக்குப் புரியும், மேசையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்குப் புரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் தோட்டா வராமல் போகலாம். ஆகவே பண்ணையோடு பேசும்போதே, வாடகைக்கு ரைஃபிள் இருக்கிறதா, என்ன காலிபர், ஸ்கோப் உண்டா, தோட்டா அவர்கள் இருப்பா, தினத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்து எழுதி வாங்கிவிடுங்கள். கோயமுத்தூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ நேராகப் போகிறவர்களுக்கு இதுவே முதல் வழி. நம் லைசென்ஸ் துப்பாக்கியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் காகித வேலைக்கு வேட்டையைவிட நாள் பிடிக்கும். சொந்த ரைஃபிளின்மேல் இருக்கிற ஆசை எனக்கும் தெரியும். ஆனால் அங்கே கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்ற ரைஃபிளை எடுத்துக்கொண்டு அரைநாள் பழகினால், ஆசைக்கு ஒரு குறையும் வராது.

இன்னொன்று, நம்ம ஆட்களுக்கு மட்டும் உள்ளது. வேட்டை முடிந்து அப்படியே கோயமுத்தூர் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பலாம் என்று மாப்பிள்ளையும் முதலில் நினைத்தார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். முன் அனுமதி இல்லாமல் அந்த ரைஃபிள் இந்தியாவில் இறங்க முடியாது. ரைஃபிளை விடுங்கள், பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் நம் விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்துவிட்டது என்று ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வந்த வழியே டெக்சாஸ் திரும்பினார். தங்கச்சியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, வேறு பெட்டிகளோடு, அடுத்த வைகாசி விசாகத் தேருக்குத் திருச்செங்கோடு வந்தார். வேட்டைக்குப் போட்ட கோட்டையும் முதுகுப்பையையும் அந்தப் பயணத்துக்கு எடுக்கவே இல்லை. நீங்களும் அவற்றைத் தனியாக வையுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஜேப்பையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.